இரக்கம் கேட்கும் பாட்டும் கணக்குக் கேட்கும் பாட்டும்

1

பதினைந்து வருஷங்களுக்கு முன்னால், தமிழ் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த காலத்தில், நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு பாட்டுக்குழு வைத்திருந்தோம். இரண்டு பறை, ஒரு டோலக், கடன் வாங்கிய மைக் செட். ஊர் ஊராகப் போய்ப் பசியைப் பற்றியும் அடிமைத்தனத்தைப் பற்றியும் பாடுவோம். ஒரு பொங்கல் சமயம் என் சொந்த ஊரான பொட்டிபுரத்திலேயே பாடினோம். கூட்டம் நல்ல கூட்டம். வறுமை பற்றிய பாட்டுக்குப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நானே பார்த்தேன். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மைக்கைச் சுருட்டும்போது எங்கள் பெரியம்மா பக்கத்தில் வந்தார். முப்பது வருஷமாக ஏலக்காய்க் காட்டுக்கு வேலைக்குப் போகிறவர். “பாட்டு நல்லாத்தாம்ப்பா இருந்துச்சு. ஆனா நாங்க கஷ்டப்படுறோம்னு எங்ககிட்டயே வந்து சொல்லிட்டுப் போறீங்க. அது எங்களுக்குத் தெரியாதா? கூலி எம்புட்டு, காய் எம்புட்டுக்குப் போகுது, நடுவுல எவன் எடுக்குறான், அதப் பாட்டுல வைக்கலயேப்பா?”

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. ‘கலை’க்கும் ‘கணக்கு’க்கும் வித்தியாசம் தெரியாதவர் என்று நண்பர்களிடம் சொன்னதாகக்கூட ஞாபகம். பெரியம்மா கேட்டது ஒரு விமர்சனக் கோட்பாடு என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான தாமதமான பதில். கடும் வறுமைக்கு எதிராகப் பாட்டைப் பயன்படுத்துவது என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் வேலை செய்யாமல் போகிறது என்பதை, எங்கள் மலைச்சரிவில் நடந்தவற்றை முன்வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

2

வறுமை பற்றிய பாட்டுகளை இலக்கணக்காரன் கண்ணோடு பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். யார் தன்மை, யார் முன்னிலை, யார் படர்க்கை என்று மட்டும் கேளுங்கள்.

1971 ஆகஸ்ட் 1ஆம் தேதி நியூயார்க்கில் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் வங்கதேச அகதிகளுக்காக நடத்திய இசை நிகழ்ச்சி, 1985 ஜூலை 13இல் எத்தியோப்பியப் பஞ்சத்துக்காக லண்டனிலும் பிலடெல்பியாவிலும் நடந்த ‘லைவ் எய்ட்’, 2005 ஜூலையில் பணக்கார நாடுகளின் தலைவர்கள் கூடும் நேரத்தில் நடந்த ‘லைவ் 8’ – இவை எல்லாம் பெரிய காரியங்கள். நிதி சேர்ந்தது, கவனம் திரும்பியது. ‘லைவ் 8’ தர்மத்தோடு நிற்காமல் கடன் தள்ளுபடியையும் கேட்டது. அதையெல்லாம் ஏளனம் செய்வது சுலபம், அவசியமில்லை. ஆனால் அந்தப் பாட்டுகளின் முன்னிலை யார்? கொடுக்க முடிந்தவர். பசித்தவர் எப்போதும் படர்க்கை. ‘அவர்கள்’. மேடையில் பாடுபவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் நடக்கும் பேச்சில் பசித்தவர் ஒரு படமாகத் தொங்குகிறார். அவர் ஏன் பசித்திருக்கிறார் என்பதற்கு மழை, வறட்சி, விதி என்று ஏதோ ஒரு பதில் இருந்தால் போதும். இரக்கத்துக்குக் காரணம் தேவையில்லை.

இடைப்பட்ட வகையும் உண்டு. 1943 வங்கப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் செத்தார்கள். அதே வருஷம் தோன்றிய மக்கள் நாடக மன்றமான ‘இப்டா’வின் பாடகர் பினாய் ராய் தலைமையில் ஒரு வங்கக் கலைக்குழு இந்தியாவின் பல ஊர்களுக்குப் போய்ப் பாடி நிவாரண நிதி திரட்டியது. கையேந்தியதும் உண்மை. ஆனால் இந்தப் பஞ்சம் தெய்வம் தந்ததல்ல, பதுக்கலும் யுத்தகால ஆட்சியும் தந்தது என்ற வாதமும் கூடவே போயிற்று. இரக்கம் கேட்கப் போன பாட்டே கணக்கும் கேட்டது.

மூன்றாவது வகைதான் பெரியம்மா கேட்டது. இதில் பசித்தவர் தன்மை. எடுத்துக்கொண்டவர் முன்னிலை. படர்க்கைக்கு இங்கே வேலை இல்லை. இந்தப் பாட்டு கண்ணீரை வரவழைக்கலாம், வரவழைக்காமலும் போகலாம். அதன் வேலை வேறு. வறுமை என்பதை ஒரு நிலைமையாக இல்லாமல் ஒரு கொடுக்கல்-வாங்கலாக, யாரோ ஒருவர் பாக்கி வைத்திருக்கும் கணக்காக மாற்றிக் காட்டுவது. கிராம்சி ‘பொதுப்புத்தி’ என்று சொல்வது எங்கள் ஊரில் ‘நம்ம தலையெழுத்து’ என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. தலையெழுத்தை அழித்துவிட்டு அந்த இடத்தில் கூலிக்கணக்கை எழுதுவதுதான் எதிர்ப்புப் பாட்டின் காரியம் எனலாம்.

3

இதற்கு முன்னோடியாக எனக்குப் படுபவர் கடல் தாண்டிய ஒருவர். இலங்கை மலையகத்தில் கோ. நடேசய்யரும் அவரது மனைவி மீனாட்சியம்மாளும் தோட்டத் தொழிலாளர்களிடையே வேலை செய்தார்கள். நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தவர். வெளியாள் யாரும் தோட்டத்துக்குள் நுழைய முடியாத காலம். புடவை வியாபாரி வேஷத்தில் அவர் லயங்களுக்குப் போனதை மலையக எழுத்தாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். கூட்டங்களில் மீனாட்சியம்மாள் பாடுவார். தாம் எழுதிய பாட்டுகளை 1940இல் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற சிறு நூலாகவும் வெளியிட்டார்.

கவனியுங்கள்: எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கூட்டத்துக்கு உரிமை, ஓட்டு, துரை, கங்காணி, கடன் என்பதையெல்லாம் சட்டப் புத்தகமாகக் கொடுத்துப் பயனில்லை. நோட்டீஸை ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும். படித்தவர் போனால் விஷயமும் போய்விடும். பாட்டு அப்படியல்ல. பாடியவரை துரை தோட்டத்தை விட்டுத் துரத்திவிடலாம்; பாட்டைத் துரத்த முடியாது, அது கொழுந்து எடுக்கும் வரிசையில் வாய்க்குள் இருக்கிறது. அமெரிக்காவில் ஜோ ஹில் இதையே வேறு விதமாகச் சொன்னார். துண்டுப்பிரசுரத்தை ஒருமுறைதான் படிப்பார்கள், பாட்டை நெட்டுருப் போட்டுத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள் என்பது அவர் வாதம். அவர் புது மெட்டுக்காக மெனக்கெடவில்லை. தேவாலயத்துப் பாட்டின் மெட்டு எல்லாருக்கும் தெரியும், வார்த்தையை மாற்றினால் போதும் என்று இருந்தார். 1915 நவம்பர் 19இல் யூட்டாவில் அவரைச் சுட்டுக் கொன்றது அரசாங்கம். கொலைக் குற்றம் சாட்டித்தான்.

தெரிந்த மெட்டு, புது வார்த்தை என்ற தந்திரம் வெறும் வசதிக்காக மட்டுமல்ல. தெரிந்த மெட்டில் கேட்பவர் ஏற்கனவே பாதிப் பாடகர். அடுத்த அடி எங்கே விழும் என்று அவருக்குத் தெரியும். எதிர்பார்த்த இடத்தில் எதிர்பாராத சொல் வந்து விழும்போது சிரிப்பு வருகிறது, பின்னாலேயே யோசனை வருகிறது. பிரெக்ட் ‘அந்நியப்படுத்தல்’ என்று மேடையில் தேடியது இதைத்தான். எங்கள் ஊர்க் கும்மிக்காரிகள் தேடாமலேயே செய்துகொண்டிருந்தார்கள்.

4

இனி எங்கள் மலைக்கு வருகிறேன்.

பொட்டிபுரத்திலிருந்து தேவாரம் வழியாகத் தெற்கே போனால் பண்ணைப்புரம். பாவலர் வரதராஜனின் ஊர். இளையராஜாவின் அண்ணன் என்றால்தான் இன்றைக்கு அவரைத் தெரிகிறது. 1950களில் நிலைமை தலைகீழ். கம்யூனிஸ்ட் மேடைகளில் அவர் பாட வருகிறார் என்றால் கூட்டம் சேரும். தம்பி, அண்ணனோடு போகிற ஒரு பையன்.

1956 மொழிவாரி மாநிலப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. அங்கே தேயிலையிலும் ஏலத்திலும் வேலை செய்த பெரும்பாலோர் கீழேயிருந்து ஏறிப்போன தமிழர்கள், அதிலும் பெரும்பகுதி தலித்துகள். 1957இல் கேரளத்தில் கம்யூனிஸ்ட் ஆட்சி அமைந்தது. தேவிகுளத்தில் ஜெயித்த ரோசம்மா புன்னூஸின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாக, 1958 மே மாதம் இடைத்தேர்தல். மலையாளத்துப் பேச்சாளர் எத்தனை பேர் வந்தாலும் லயத்துக்குள் போகும் மொழி தமிழ். பாவலர் தன் குழுவோடு மலையேறினார். 14 வயசுப் பையனான இளையராஜா அண்ணனோடு பாடத் தொடங்கியதும் அந்த வருஷம்தான். சினிமா மெட்டு, தெம்மாங்கு மெட்டு எது கிடைத்தாலும் அதில் தன் வார்த்தைகளைப் போட்டு, எஸ்டேட் எஸ்டேட்டாகப் பாடினார்கள். ரோசம்மா மறுபடி ஜெயித்தார். இந்த வெற்றி பாவலருடையது என்று முதலமைச்சர் இ.எம்.எஸ்.ஸே சொன்னதாக எங்கள் பக்கம் ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, அந்தக் கதையைச் சொல்லும்போது எங்கள் ஆட்கள் முகத்தில் வரும் பெருமை நிஜம்.

ஏன் அவரால் முடிந்தது? குரல், ஆர்மோனியம், நையாண்டி எல்லாம் சரி. அதற்கு மேல் ஒன்று: அவர் ‘நாம்’ என்று சொல்ல உரிமை உள்ளவராக இருந்தார். அந்தக் குடும்பத்தின் தகப்பனாரே எஸ்டேட்டில் கங்காணியாக வேலை பார்த்தவர். சாதியும் மொழியும் மலையும் பாடியவருக்கும் கேட்டவருக்கும் பொது. முன்னிலையையும் சேர்த்துக்கொள்ளும் தன்மைப் பன்மை என்று இலக்கணம் சொல்கிறதே, அந்த ‘நாம்’. பாடுகிறவனும் கேட்கிறவனும் ஒரே சொல்லுக்குள் நிற்பது.

5

ஆனால் ‘நாம்’ ஆபத்தான சொல்லும்கூட. அதற்குள் யார் யார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாட்டு கேட்பதில்லை.

1958 மே மாதம் இடைத்தேர்தல். அதே 1958 அக்டோபரில் மூணாறில் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம். போலீஸ் சுட்டது. இரண்டு தொழிலாளர்கள் செத்தார்கள். தொழில் தகராறுகளில் போலீஸ் முதலாளி பக்கம் நிற்காது என்று கொள்கை அறிவித்து நாடே திரும்பிப் பார்க்கும்படி செய்த அரசாங்கம்தான் அப்போது பதவியில் இருந்தது. மேயில் பாட்டுக் கேட்டு ஓட்டுப் போட்ட மலை, ஐந்து மாசத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது.

இதைச் சொல்லும்போது தோழர்கள் சிலருக்குக் கோபம் வரும். அந்த ஆட்சி நிலச் சீர்திருத்தத்துக்கும் கல்விக்கும் செய்ததை மறைத்து, 1959 ஜூலையில் அதைக் கவிழ்த்தவர்கள் பக்கம் பேசுவதாகத் தோன்றும். என் அக்கறை அதில் இல்லை. ஒரு பாட்டின் ‘நாம்’ என்பதற்குள் தொழிலாளி, பாடகன், கட்சி, அமைச்சரவை, அமைச்சரவையின் கீழுள்ள போலீஸ் என்று எல்லாரும் வரிசையாக ஏறிக்கொள்ள முடிகிறது என்பதைத்தான் சொல்கிறேன். தேர்தல் பாட்டு வறுமையைக் கணக்காக்கிக் காட்டும். ஆனால் கணக்கைத் தீர்க்கும் இடமாக வாக்குப்பெட்டியைக் காட்டிவிட்டுக் கீழே இறங்கிவிடும். மைக் செட் ஜீப்பில் ஏறியதும் பாட்டின் வேலை முடிந்தது. அக்டோபரில் பாடுவதற்கு அந்தத் தொழிலாளியின் கையில் என்ன பாட்டு மிஞ்சியது?

பாவலர் 1973இல் இறந்துபோனார். தம்பி சென்னைக்குப் போய், 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. மேடையில் சினிமா மெட்டை வாங்கிக் கட்சிப் பாட்டாக்கிய குழுவிலிருந்து போனவர், எங்கள் மலையின் மெட்டைச் சினிமாவுக்குக் கொடுத்தார். இதைத் ‘துரோகம்’ என்று எழுதியவர்களும் உண்டு. ‘விடுதலை’ என்று எழுதியவர்களும் உண்டு. இரண்டு பேரும் அந்த மெட்டு பிறகு எங்கே போயிற்று என்று பார்க்கவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

6

1958இன் கேள்விக்கு மூணாறே பதில் சொல்ல 57 வருஷம் ஆயிற்று.

2015 செப்டம்பர். கண்ணன் தேவன் தோட்டங்களில் போனஸை 20 சதவீதத்திலிருந்து 10ஆகக் குறைத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள், பெரும்பாலும் தமிழ் தலித் பெண்கள், கொழுந்தைப் போட்டுவிட்டு மூணாறு சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒன்பது நாள். ‘பெம்பிளை ஒருமை’ என்று தங்களுக்குப் பேர் வைத்துக்கொண்டார்கள். இடது, வலது வித்தியாசமில்லாமல் எல்லாத் தொழிற்சங்கத் தலைவர்களையும் பக்கத்தில் வரவிடாமல் விரட்டினார்கள். நீங்களும் கம்பெனியும் ஒண்ணு என்றார்கள்.

அவர்களுக்குப் பாவலர் இல்லை. கலைக்குழு இல்லை. மெட்டுப் போட்டுக் கொடுக்க எங்களைப் போன்ற எம்.ஏ.க்கள் யாரும் போகவில்லை. கோஷத்தைத் தாங்களே கட்டினார்கள். ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிச் சொன்னார்கள். கூடை சுமப்பது நாங்கள், பணப்பை சுமப்பது நீங்கள் என்கிற பொருளில் ஒன்று. எங்கள் பிள்ளைக்குத் தமிழ் மீடியம், உங்கள் பிள்ளைக்கு இங்கிலீஷ் மீடியம் என்கிற பொருளில் இன்னொன்று.

இந்தக் கோஷங்களைப் பாட்டு என்று சொல்லலாமா என்று கேட்பவர்கள் ஒப்பாரியை நினைத்துப் பார்க்க வேண்டும். ‘அங்கே அது, இங்கே இது’ என்று அடுக்கிக்கொண்டே போவது ஒப்பாரியின் கட்டுமானம். பிறந்த வீட்டில் என்ன, புகுந்த வீட்டில் என்ன. அவர் இருந்தபோது என்ன, போனபின் என்ன. இழவு வீட்டில் ஒரு பெண் அழும்போதே கணக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள்: எவன் செய்தான், எவன் செய்யவில்லை என்று. தாது வருஷப் பஞ்சத்தைப் பாடிய கும்மிகள் அச்சிலேயே இருக்கின்றன. கணக்குச் சேர்த்தால் கலை கெட்டுவிடும் என்பது நம்மைப் போன்றவர்களின் பயம். நாட்டார் மரபுக்கு அந்தப் பயம் இருந்ததில்லை.

இலக்கணத்துக்குத் திரும்புவோம். 2015இன் தன்மைப் பன்மை ‘நாம்’ இல்லை, ‘நாங்கள்’. முன்னிலையைச் சேர்க்காத தன்மை. கம்பெனி மட்டுமல்ல, சங்கத் தலைவரும் ‘நீங்கள்’. வீட்டு ஆண்களுக்குக்கூட அந்தச் சாலையில் ஓரமாக நிற்கும் இடம்தான். பாவலர் ‘நாம்’ என்று ஒன்றுசேர்த்ததை இந்தப் பெண்கள் ‘நாங்கள்’ என்று பிரித்தெடுத்தார்கள். 1958இலிருந்து 2015 வரையிலான மலை வரலாற்றை இந்த இரண்டு சொல்லுக்கு நடுவில் எழுதிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிடைத்தது என்ன? போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து 20 சதவீதம். நாள் கூலி 232 ரூபாயிலிருந்து அக்டோபரில் 301 ஆனது. கேட்டது 500. இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்: கூலியை ஏற்றியது கோஷம் இல்லை, ஒன்பது நாள் மறியல். கோஷம் செய்தது அந்த ஒன்பது நாளும் ஆட்கள் கலையாமல் பிடித்து வைத்திருந்தது. வெயிலிலும் தூறலிலும் உட்கார்ந்திருந்தவளுக்கு, தான் உட்கார்ந்திருப்பதன் காரணத்தை அவள் வாயாலேயே மணிக்கு நூறு தரம் சொல்ல வைத்தது. அதற்கு மேல் பாட்டிடம் கேட்கக்கூடாது. அமைப்பு பின்னால் பிளவுபட்டது. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் புதைந்து 70 பேர் போனார்கள். 20 சதவீதமும் 301 ரூபாயும் அந்த லயங்களை இடம் மாற்றவில்லை.

7

தேயிலைக்கு ஒரு கம்பெனி, ஒரு கேட், ஒரு சாலை உண்டு. ஏலக்காய்க்கு அதுவும் கிடையாது.

பொட்டிபுரம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நியூட்ரினோ. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிறகு எங்கள் அம்பரப்பர் மலையைத் தேடிப் பத்திரிகைக்காரர்களும் இயக்கத்தாரும் வந்தார்கள். வரட்டும், வரவேண்டிய விஷயம்தான். ஆனால் அவர்கள் எழுந்திருக்கும் முன்பே ஊரிலிருந்து ஜீப்புகள் கிளம்பிப் போயிருக்கும். கருக்கலில் தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். ஏற்றக்கூடாத எண்ணிக்கையில் ஏற்றிக்கொண்டு, 17 கொண்டை ஊசி வளைவு தாண்டிப் போடிமெட்டு. அதற்கு அந்தப் பக்கம் கேரளம். ஏலக்காய் மரத்தில் தொங்குவதில்லை. செடியின் தூரில், தரையோடு தரையாகப் படரும் சரத்தில் இருக்கிறது. குனிந்தோ குத்தவைத்தோதான் எடுக்க முடியும். அட்டை ஏறும். பழுத்ததும் பழுக்காததும் கலந்திருக்கும். பார்த்துப் பார்த்து எடுக்க வேண்டும். பொழுது சாய மறுபடி ஜீப். நாளைக்கு எந்தக் காடு என்று ராத்திரிதான் தெரியும்.

இந்த வேலைக்காரியின் ‘நீங்கள்’ யார்? நேற்று ஒரு முதலாளி, இன்று ஒருவர். 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம், 1981 திருத்தத்துக்குப் பிறகும், 5 ஹெக்டேர் நிலம், 15 ஆள் என்று வரம்பு வைத்திருந்தது. அதற்குக் கீழே சிதறிக் கிடந்த சின்னக் காடுகளுக்கு அது எட்டவில்லை. அவள் வேலை செய்வது ஒரு மாநிலம், ஓட்டுப் போடுவது இன்னொரு மாநிலம். எனவே எந்த மாநிலத்து மேடைப் பாட்டுக்கும் அவள் முன்னிலை இல்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மெட்டில் சோதனைச்சாவடியை அடைத்தபோது இந்தச் சிதறல் என்ன என்று தெரிந்தது. காய் அந்தப் பக்கம், எடுக்கிற கை இந்தப் பக்கம். ஜீப் நின்றால் அன்றைக்கே அடுப்பு நிற்கும். கடும் வறுமை என்று புத்தகம் சொல்வது எங்கள் ஊரில் ஒரு ஜீப்பு தூரத்தில் இருக்கிறது.

ஆனால் கணக்கு எழுதிவைத்த பலகை ஒன்று எங்கள் பக்கமே இருக்கிறது. போடியில் ஸ்பைசஸ் போர்டின் ஏலம் நடக்கிறது, விலை ஊருக்கே தெரியும். 2018 வெள்ளத்துக்குப் பிறகு காய் குறைந்து, 2019 ஆகஸ்டில் இடுக்கி ஏலத்தில் ஒரு கிலோ அதிகபட்சமாக 7,000 ரூபாய்க்குப் போனது. அந்த வருஷம் காய் எடுத்தவளின் கூலி என்ன ஆயிற்று என்று கேட்டு ஒரு பாட்டு நான் கேட்டதில்லை. எங்கள் குழுவின் பாட்டுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பசியைப் பற்றி நாங்கள் எழுதிய எந்தப் பாட்டிலும் ஒரு எண்கூட இருந்ததில்லை.

8

பாட்டை வைத்து இயக்கம் நடத்த நினைக்கும் நண்பர்கள் ‘அப்ப என்னதான் செய்யணும்’ என்று கேட்பார்கள். சூத்திரம் எதுவும் என்னிடம் கிடையாது. தவறு செய்தவன் என்ற தகுதியில் சிலவற்றைச் சொல்லலாம்.

பாட்டு எழுதும் முன் அதன் முன்னிலை யார் என்று தீர்மானித்துக்கொள்ள வேண்டும். நகரத்து அரங்கில் நிதி திரட்டப் பாடுகிறோமா, அது ஒரு வேலை, செய்யலாம். ஆனால் அதே பாட்டைக் கொண்டுபோய் உழைக்கிறவள் முன்னால் பாடினால் அவளுடைய வாழ்க்கையை அவளுக்கே விற்பதாகிவிடும். அடோர்னோ 1960களின் வியட்நாம் எதிர்ப்புப் பாட்டுகளைப் பற்றி, கொடுமையை ரசிக்கத்தக்கதாக ஆக்கிவிடுகின்றன என்று முறைத்தார். அவருக்கு எல்லாப் பாட்டின் மேலும் கோபம். எனக்கு அவ்வளவு இல்லை. ஆனால் பொட்டிபுரத்தில் அன்றைக்கு வந்த கண்ணீரை நினைக்கும்போது அவர் சொன்னதில் எங்களுக்கான பங்கு இருப்பது தெரிகிறது.

இரண்டாவது, ‘நாம்’ என்று பாட நமக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கே.ஏ. குணசேகரன் ‘மனுசங்கடா’ பாடியபோது அந்தக் குரலுக்கு அந்த உரிமை இருந்தது. இன்குலாபின் வார்த்தைகள் பலமடங்கு பலமானது அதனால்தான். நான் ஏலக்காட்டுக்காரியின் மகன்தான். ஆனால் நான் காய் எடுப்பதில்லை, சம்பளம் வாங்குகிறேன். என் ‘நாம்’ பாதி பொய். அப்படிப்பட்டவன் பறையை வாசித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதும் ஒரு அரசியல் காரியம்தான்.

மூன்றாவது, மெட்டை அவர்களிடமிருந்து வாங்க வேண்டும். இதில் எனக்குப் பாடம் நடத்தியது மறுபடி பெரியம்மாதான். நாலைந்து வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள் அவரோடு ஜீப்பில் மலைக்குப் போனேன். ஜீப்பில் இளையராஜா பாடிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்து ஜீப்புகளில் அவரைத் தவிர யார் பாடுவார்கள். வளைவு ஏற ஏறப் பெண்கள் கூடவே பாடினார்கள். கொஞ்ச நேரத்தில் எனக்கு ஏதோ இடறியது. ஸ்பீக்கரில் வரும் வார்த்தை வேறு, அவர்கள் வாயில் வரும் வார்த்தை வேறு. மெட்டு அதேதான். காதலன் வரவேண்டிய இடத்தில் தராசு வந்தது. நிலா வரவேண்டிய இடத்தில் எடை போடுகிறவரின் கட்டைவிரல் வந்தது. அந்த வாரம் எந்தக் காட்டில் எவ்வளவு பிடித்தார்கள் என்ற எண் வந்தது. சிரித்துச் சிரித்துப் பாடினார்கள். டிரைவரும் சிரித்தார். பாவலர் சினிமாவிலிருந்து எடுத்துவந்த வித்தையை, தம்பி சினிமாவுக்குக் கொடுத்த மெட்டில் போட்டு, யாருக்கும் சொல்லாமல் இவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அதைக் கேட்டிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

“இத ஊர்ல, மைக்குல பாடலாமா பெரியம்மா?” என்று கேட்டேன்.

“பாடுனா நாளைக்கு எங்கள ஜீப்புல ஏத்த மாட்டான். நீ ஏத்துவியா?” என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. பாட்டு எங்களிடம் இல்லை, எனவே எழுத வேண்டும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். பாட்டு இருக்கிறது. அதைச் சத்தமாகப் பாடினால் மறுநாள் வேலை போகாமலிருக்க ஒரு ஏற்பாடு இல்லை. ஒன்பது நாள் அடுப்பெரிய ஒரு சங்கம், இரண்டு மாநிலத்துக்கும் பொதுவான ஒரு கூலிப்பேச்சு, மேட்டில் நிறுத்தினால் கேட்க ஒரு ஆள். மூணாறுப் பெண்களுக்கு லயமும் சாலையும் ஒரே கம்பெனியும் இருந்ததால் ‘நாங்கள்’ என்பதை உரக்கச் சொல்ல முடிந்தது. ஜீப்புக்காரிகள் அதை முணுமுணுப்பாக வைத்திருக்கிறார்கள்.

கலைக்குழு வைத்திருக்கும் நண்பர்கள் புதுப் பாட்டு வேண்டுமென்று என்னிடம் கேட்டால், முதலில் அந்த ஏற்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்றுதான் இப்போது கேட்கிறேன். என்னையும் அதே கேள்வி கேட்டுக்கொள்கிறேன். ஏற்பாடு வரும்போது பாட்டுக்கு நாம் அலைய வேண்டியதில்லை. எண்ணெல்லாம் சரிபார்த்து, மெட்டோடு, ஜீப்பில் தயாராக இருக்கிறது.